மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி

எடை பார்ப்பதற்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. நயிபிஸின் உடம்பிலிருந்து இன்னும் ஒரு கிலோ எழுநூற்று நாற்பது கிராம் போக வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழே, அவள் ஸ்கிப்பிங் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்புப் பிளாஸ்டிக் கோட்டு. தலையில் கம்பளிக் குல்லா. கடலோர நகரமான பராங்கீயாவில் காலை ஒன்பது மணிக்குச் சும்மா நின்றாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அவளுக்கோ நேற்று மாலையிலிருந்து வியர்வையே சரியாக வரவில்லை. உடம்பில் தண்ணீர் இருந்தால்தானே வரும்.

"காலைத் தூக்கு" என்றான் எலியெசெர். அவள் கணவன். குத்துச்சண்டையில் அவளுடைய கோச்சும் மானேஜரும் அவன்தான். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தூக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பேசுற தெம்பு இருக்கு. குதிக்கிற தெம்பு இல்ல."

போன ஞாயிற்றுக்கிழமை இவன் டார்ச் விளக்கோடு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துபோய், ஒரு பிஸ்கட் உறையை எடுத்துவந்து அவள் முகத்துக்கு நேராக ஆட்டினான். அந்த உறை எந்தக் காலத்ததோ. எறும்புகூட அதைக் கைவிட்டுப் போயிருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து அவன் அவளைத் திருடி என்றுதான் கூப்பிடுகிறான். சோற்றுத் திருடி.

ஆறு வாரமாக அவள் தின்றது வேகவைத்த கோழியும் வெள்ளரிக்காயும்தான். முதல் நான்கு கிலோ இறங்கியது. அதற்கப்புறம் முள் அசையவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் எல்லை ஐம்பத்திரண்டு கிலோ நூற்று அறுபது கிராம் என்றிருக்கும் இதே ஐம்பத்திரண்டு கிலோ பிரிவில் சண்டை போட அவளுக்குப் பத்து நாள் போதும். சோற்றையும் குளிர்பானத்தையும் நிறுத்தினால் உடம்பு தானாக இறங்கிவிடும். இந்த இரண்டு வருடமாகத்தான் இப்படி. ஒவ்வொரு சண்டைக்கும் உடம்பை இறக்குவது முந்தைய தடவையைவிடப் பெரும்பாடாக இருந்தது.

நாளைய சண்டையோ சாதாரணமானது இல்லை. பனாமாவிலிருந்து வந்திருக்கும் யாரிபெத்தை ஜெயித்தால், அடுத்தது பட்டத்துக்கான சண்டை. நயிபிஸுக்கு வயது இருபத்தொன்பது. இன்னொரு வாய்ப்பு வருமா என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டின் முன்பக்கமிருந்து எண்ணெய் வாசம் வந்தது. மாமியார் எனில்டா வாசலில் அடுப்பு போட்டு, சோளமாவுக்குள் முட்டை வைத்த அரேபா பொரித்து விற்கிறாள். முப்பது வருடமாக அதே இடம், அதே வாணலி. மருமகள் பட்டினி கிடக்கிறாள் என்பதற்காக அவள் ஒரு நாளும் அடுப்பை நகர்த்தியதில்லை.

ஜல்லிக்கரண்டியும் கையுமாக அவள் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"இன்னுமா இறங்கல?"

"இல்ல" என்றான் எலியெசெர்.

எனில்டா மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். "புள்ள வயித்துக்கு வர மாட்டேங்குது. எடை உடம்பை விட்டுப் போக மாட்டேங்குது. உன் உடம்புல எதுதான்டி சொன்னபடி நடக்கும்?"

கயிறு காலில் தடுக்கியது. நயிபிஸ் மறுபடி சுற்றத் தொடங்கினாள். "அத்தை, இன்னிக்கு ஒரு நாள் விடுங்க."

"ரெண்டு வருஷமா விட்டுட்டுத்தான் இருக்கேன். மலையிலேருந்து வேர் வரவழைச்சுக் காய்ச்சிக் குடுத்தேன். மாதாவுக்கு வேண்டிக்கிட்டு கோயில் வாசல்லேருந்து பீடம் வரைக்கும் முழங்கால்ல நடந்தேன். என் முழங்கால் போனதுதான் மிச்சம். மலடிக்கு வேண்டிக்கிட்டா மாதா என்ன செய்வா?"

எலியெசெர் ஸ்டாப்வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவனுக்குப் பார்ப்பதற்கு ஏதாவது ஒன்று கிடைத்துவிடும்.

பதினொரு மணிக்குக் கோட்டைக் கழற்றச் சொல்லித் தராசில் ஏற்றினான். ஐம்பத்து மூன்று கிலோ அறுநூறு. இரண்டு மணி நேரத்துக்கு வெறும் முந்நூறு கிராம்.

"வாயைத் திற."

"எலியெசெர், வேணாம்."

"திறன்னு சொன்னேன்."

அவள் திறந்தாள். அவன் குனிந்து மோந்து பார்த்தான். பிறகு அவள் விரல்களை எடுத்து மோந்தான். எண்ணெய் வாசம் எதுவும் இல்லை. அதனால் அவன் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"வெந்நீர்த் தொட்டிக்கு உப்பு வாங்கிட்டு வரேன். அதுல அரை மணி உக்கார்ற. திரும்பி வரும்போது நீ உக்காந்திருக்கிறதப் பாத்தேன்னா பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

அவன் போவதற்காகவே காத்திருந்ததைப் போல லுபிஸ் உள்ளே வந்தாள். நயிபிஸின் அக்கா. அதே பேட்டையின் சுகாதார நிலையத்தில் உதவி நர்ஸ். வெள்ளைச் சீருடையை மாற்றாமல் சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்திருந்தாள்.

"உக்காரு" என்றாள்.

"உக்காரக் கூடாதாம்."

"யாரு சொன்னது, அவனா? உக்காருடி."

நயிபிஸ் வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

லுபிஸ் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். புதன்கிழமை அவள் கட்டாயப்படுத்தித் தங்கையின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாள். "நீ முழுகாம இல்ல."

"எனக்குத் தெரியும்" என்றாள் நயிபிஸ். சொல்லிவிட்டு ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப பதினாலு மாசமா பீரியட்ஸ் ஏன் வரல?"

"பயிற்சி அதிகமானா நின்னுடும்னு எலியெசெர் சொன்னான்."

"சில பேருக்கு நிக்கும். ஆனா இதைவிட ஒல்லியா, இதைவிட அதிகமா ஓடிக்கிட்டு இருந்தப்போ உனக்கு நிக்கலியே. மாசா மாசம் வலி தாங்காம என் மடியில படுத்து அழுவியே, மறந்துட்டியா?" லுபிஸ் அவள் முன்னால் குந்தினாள். "என்னென்ன மருந்து எடுத்துக்கற? மறைக்காம சொல்லு."

"ஒண்ணும் எடுக்கல. வைட்டமின் ஊசி மட்டும்."

"எத்தனை நாளைக்கு ஒண்ணு?"

"மூணு மாசத்துக்கு ஒண்ணு. எலியெசெர்தான் போடுவான்."

"மூணு மாசத்துக்கு ஒரு வைட்டமினா? அது என்ன கலர்?"

"வெள்ளை. பால் மாதிரி இருக்கும். போடுறதுக்கு முன்னாடி குப்பியை நல்லா குலுக்குவான்."

லுபிஸ் கையிலிருந்த காகிதத்தை மடித்தாள். அவர்கள் சுகாதார நிலையத்தில் வைட்டமின் ஊசி என்று போடுவது சிவப்பாக இருக்கும். பால் போன்ற வெள்ளை மருந்தை, போடும் முன் குலுக்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி ஒன்றை அவள் நன்றாக அறிவாள். செவ்வாயும் வெள்ளியும் அவள் அறை வாசலில் பெண்கள் வரிசையாக நிற்பது அதற்காகத்தான். இன்று காலைகூடப் பதினோரு பேருக்குப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அடுத்தது எப்ப?"

"திங்கக்கிழமை. வாங்கிட்டான்னு நினைக்கிறேன். அவன் பையில இருக்கும். ஏன்க்கா?"

லுபிஸ் எழுந்துபோய் ஆணியில் தொங்கிய பயிற்சிப் பையை எடுத்தாள். கைக்கட்டுத் துணி, வாசலின் டப்பா, பஞ்சுக் குச்சிகள். அடியில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. லேபிளைக்கூட அவன் கிழிக்கவில்லை. யாரும் தேட மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

அவள் பெட்டியைத் தங்கையின் கையில் கொடுத்தாள். "நீயே வாசி."

நயிபிஸ் வாசித்தாள். மருந்தின் நீளமான பெயர் அவளுக்குப் புரியவில்லை. அதற்குக் கீழே இருந்த வரி புரிந்தது. கருத்தடை ஊசி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள்.

"எட்டு" என்றாள்.

"என்ன எட்டு?"

"எட்டு ஊசி போட்டிருக்கான். ரெண்டு வருஷத்துல." அவள் குரல் வறண்டிருந்தது. "ஒவ்வொரு மாசமும் நான் தேதியை எண்ணுவேன்க்கா. அவனும் பக்கத்துல படுத்துக்கிட்டு என்கூட சேர்ந்து எண்ணுவான்."

லுபிஸ் அவள் தோளைத் தொட்டாள். நயிபிஸ் அந்தக் கையை விலக்கினாள்.

"எடை இறங்காததும் இதனாலதானா?"

"அடிச்சுச் சொல்ல முடியாது."

"நர்ஸுதானே நீ. சொல்லு."

"நர்ஸுங்கறதாலதான் இல்லாததைச் சொல்ல மாட்டேன். கருத்தடை மாத்திரை சாப்பிட்டா குண்டாயிடும்னு பாதிப் பேட்டை சொல்லுது. ஆராய்ச்சி பண்ணிப் பாத்தவங்க அப்படிப் பெருசா ஒண்ணும் காணலைன்னுதான் சொல்றாங்க. ஆனா இந்த ஊசி சங்கதி வேற. சில பேருக்கு இதுல எடை ஏறுது. பசி கூடுது. என்கிட்ட வர்றவங்கள்ல அஞ்சு வருஷம் போட்டும் ஒரு கிலோ ஏறாதவங்க இருக்காங்க. முதல் வருஷமே ஆறு கிலோ ஏறினவங்களும் இருக்காங்க. நீ அதுல எந்த ஜாதின்னு எப்படிச் சொல்ல? உனக்கும் வயசு ஏறியிருக்கு, உடம்பு முன்ன மாதிரி இல்ல. கொஞ்சம் இதனாலயும் இருக்கலாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா எடையைக் குறிச்சு வச்சுப் பாத்திருக்கலாம். ஒத்துக்கலைன்னா வேற முறைக்கு மாத்தியிருக்கலாம்."

"தெரிஞ்சிருந்தா" என்றாள் நயிபிஸ்.

பைக் சத்தம் வந்தது.

எலியெசெர் உப்புப் பொட்டலத்தோடு உள்ளே நுழைந்தான். முதலில் அவன் கண்ணில் பட்டது வாளியின் மேல் உட்கார்ந்திருந்த மனைவி. "என்ன சொல்லிட்டுப் போனேன் நான்?" பிறகு லுபிஸைப் பார்த்தான். "ஓ. டாக்டரம்மா விஜயமா."

நயிபிஸ் பெட்டியை நீட்டினாள். "இது என்ன வைட்டமின்?"

அவன் பெட்டியைப் பார்த்தான். உப்புப் பொட்டலத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

"என் பையை யாரு தொட்டது?"

"நான்" என்றாள் லுபிஸ். "போலீஸுக்குப் போ."

"என் வீட்டுக்குள்ள வந்து என் பையைக் குடையற. உனக்குப் புருஷன் நிலைக்கல. தங்கச்சிக்கும் நிலைக்கக் கூடாதுன்னு அலையற."

"எலியெசெர்" என்றாள் நயிபிஸ். "உன்னைத்தான் கேக்கறேன். இது என்ன?"

அவன் மறுக்கப்போகிறான் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவன் மறுக்கவில்லை.

"யாருக்காக செஞ்சேன்? எனக்காகவா? இந்த ரெண்டு வருஷத்துல நாலு ஜெயிச்சிருக்க. நடுவுல வயித்தைத் தள்ளிக்கிட்டு உக்காந்திருந்தா உன்னை யாரு தேடி வந்திருப்பா? பனாமாக்காரி வந்திருப்பாளா? பட்டத்தைப் பத்திப் பேச்சு வந்திருக்குமா?"

"பட்டம்தான் முதல்லன்னு நானே சொன்னேன். ஒரு வருஷம் பொறுப்போம்னு சொன்னேன். அதுக்கப்புறம் புள்ள வேணும்னு சொன்னேன். நீயும் சரின்னு சொன்ன."

"சொன்னேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே. இன்னும் ஒரு வருஷம்னு கேட்டிருந்தா நானே போட்டுக்கிட்டிருப்பேன்."

"கேட்டா வேணாம்னு சொல்லிருப்ப."

"சொல்லிருக்கலாம்."

"அதனாலதான் கேக்கல."

அவன் அதை ஒரு நியாயத்தைப் போலச் சொன்னான். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பதைப் போல.

லுபிஸ் ஓரடி முன்னால் வந்தாள். "இதை விக்கும்போது மருந்துக்கடைக்காரன் ஒண்ணும் சொல்லலியா? எடை ஏறலாம்னு?"

எலியெசெர் குனிந்து உப்புப் பொட்டலத்தை எடுத்தான்.

"சொன்னானா?" என்றாள் நயிபிஸ்.

"சில பேருக்கு ரெண்டு மூணு கிலோ ஏறலாம்னான். உழைச்சா இறங்கிடும்னு நினைச்சேன்."

"அதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா என் வாயை மோந்து பாத்த?"

"உன் அக்காவே அடிச்சுச் சொல்ல முடியாதுன்னுதானே சொல்லுவா. கேட்டுப் பாரு. ஊசியாவும் இருக்கலாம், நீ தின்னதாவும் இருக்கலாம்."

"கட்டிலுக்கு அடியில டார்ச் அடிச்சியே. நாலு பேரு முன்னாடி ஜிம்முல திருடின்னு கூப்பிட்டியே. அப்பல்லாம் இது உனக்குத் தெரியும்."

அப்போதுதான் கதவோரம் எனில்டா நிற்பதை மூவரும் கவனித்தார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையிலிருந்த ஜல்லிக்கரண்டியிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எலியெசெர்" என்றாள். "அவளுக்குப் புள்ள உண்டாகாம இருந்தது உன் வேலையா?"

"அம்மா, நீங்க போயி அடுப்பைப் பாருங்க."

"நான் அவளை மலடின்னு சொன்னேன். கறிக்கடையில சொன்னேன். கோயில்ல சொன்னேன். இன்னிக்குக் காலையிலகூட இதே இடத்துல சொன்னேன். நீ பக்கத்துலதான் இருந்த."

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"முழங்கால்ல நடந்தேன்டா. ரத்தம் வந்துச்சு. நீதான மருந்து போட்டுக் கட்டு கட்டின. கட்டும்போது ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல உனக்கு."

அவன் அவள் கையைப் பிடிக்கப் போனான். எனில்டா கரண்டியை ஓங்கவில்லை, நடுவில் நீட்டினாள். சூடான கரண்டி. அவன் கை நின்றது.

மாமியார் மனம் மாறி மருமகளைக் கட்டிக்கொண்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அதுவல்ல. எனில்டா நயிபிஸின் பக்கம் திரும்பிப் பற்களைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"உனக்கும் அறிவு இல்ல. குண்டியில குத்துறானே, அது என்னடான்னு ஒரு தடவை கேக்கத் தோணலியா? ரிங்குல ஏறி ஊரை அடிக்கிற. வீட்டுல வாய் எங்க போச்சு?"

"கேட்டேன் அத்தை. வைட்டமின்னு சொன்னான்."

"சொன்னானாம்." எனில்டா முன்பக்கம் போய்விட்டாள். சிறிது நேரத்தில் எண்ணெயின் சத்தம் அடங்கியது. மதிய வியாபார நேரத்தில் அவள் அடுப்பை அணைத்ததை அந்தத் தெரு இதுவரை பார்த்ததில்லை.

நயிபிஸ் பிளாஸ்டிக் கோட்டை எடுத்துச் சுருட்டித் தொட்டியின் ஓரத்தில் வைத்தாள்.

"என்ன பண்ற?" என்றான் எலியெசெர். "இன்னும் ஒரு கிலோ நானூறு இருக்கு. சண்டையை அப்புறம் போட்டுக்கலாம். தொட்டியில இறங்கு."

"இறங்க மாட்டேன்."

"நயிபிஸ். என் கறுப்பி. நான் சொல்றதைக் கேளு. நாலு மணிக்குத் தராசு. அது முடியட்டும். அப்புறம் நீ என்ன வேணா திட்டு."

அவன் கொஞ்சும் குரல் அது. எட்டு ஊசியும் அந்தக் குரலோடுதான் இறங்கின.

"என்னைத் தொடாத" என்றாள் அவள்.

ஹோட்டலின் மாடிக் கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரமாகத் தள்ளி நடுவில் தராசை வைத்திருந்தார்கள். குளிர்சாதனம் அளவுக்கு மீறி ஓடியது. நயிபிஸ் துண்டைப் போர்த்திக்கொண்டு அக்காவோடு ஒரு மூலையில் நின்றாள். வழியெல்லாம் லுபிஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே வந்தாள். நயிபிஸ் வாங்கவில்லை. தராசிலிருந்து இறங்கியபிறகு குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் மனதில் ஒரு கணக்கு இருந்தது.

எலியெசெர் தனியாக பைக்கில் வந்து சேர்ந்தான். சட்டை மாற்றியிருந்தான். எல்லோருக்கும் கைகொடுத்தான். எதுவும் நடக்காததைப் போலச் சிரித்தான்.

பனாமாக்காரி யாரிபெத் முதலில் ஏறினாள். நெட்டையான, எலும்பும் நரம்புமான பெண். ஐம்பத்திரண்டு கிலோ சரியாக. இறங்கியதும் ஓர் ஆரஞ்சை எடுத்துக் கடித்து உறிஞ்சத் தொடங்கினாள்.

நயிபிஸ் ஏறினாள். குத்துச்சண்டைக் கமிஷனைச் சேர்ந்த வயதான அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தார்.

"ஐம்பத்து மூணு கிலோ முந்நூறு. ஒரு கிலோ நூத்தி நாப்பது அதிகம்."

கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. யாரோ சிரித்தார்கள்.

எலியெசெர் முன்னால் பாய்ந்தான். "விதிப்படி ரெண்டு மணி நேரம் உண்டு. கீழ ரூம்ல வெந்நீர் தயாரா இருக்கு. இறக்கிடுவோம்."

"வேணாம் சார்" என்றாள் நயிபிஸ். தராசிலிருந்து இறங்கவில்லை. "இதுதான் என் எடை. மேல் பிரிவோட எல்லை ஐம்பத்து மூணரைக்குக் கொஞ்சம் மேல. அதுக்குள்ள இருக்கேன். அவங்க ஒத்துக்கிட்டா அந்தப் பிரிவுல நாளைக்கு சண்டை போடறேன்."

"அப்படிப் போட்டா பட்டச் சண்டைக்கு இது சேராது, தெரியும்ல?" என்றார் அதிகாரி.

"தெரியும்."

யாரிபெத்தின் கோச் கையை ஆட்டினான். "ஒரு கிலோவுக்கு மேல கூட வச்சுக்கிட்டு வருவா, நாங்க வாங்கிக்கணுமா? முடியாது."

யாரிபெத் ஆரஞ்சு விதையை உள்ளங்கையில் துப்பினாள். நயிபிஸின் வெடித்த உதடுகளையும் குழிந்த கண்களையும் நிதானமாகப் பார்த்தாள். "கப்பலேறி வந்தது யாரையாவது அடிக்கத்தான். இவ குண்டா இருந்தா எனக்கு அடிக்க இடம் ஜாஸ்தி. போடறேன்."

அதிகாரி ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினார். யாரிபெத் கையெழுத்துப் போட்டாள். நயிபிஸ் போட்டாள். அதிகாரி பேனாவை எலியெசெரிடம் நீட்டினார். "மானேஜர் கையெழுத்து."

எலியெசெர் பேனாவை வாங்கவில்லை.

"ஒப்பந்தப்படி அவ எந்தப் பிரிவுல சண்டை போடணும்னு நான்தான் முடிவு பண்ணணும். நான் சம்மதிக்கல." பிறகு குரலைத் தணித்து அவளிடம் மட்டும் சொன்னான். "கையெழுத்து வேணும்னா வீட்டுக்கு வந்து கேளு. தனியா வா. உன் அக்கா இல்லாம."

நயிபிஸ் தராசிலிருந்து இறங்கினாள். அவனைப் போல அவள் குரலைத் தணிக்கவில்லை.

"என் எடை எவ்வளவுன்னு ரெண்டு வருஷமா இந்த ஊருக்கே சொல்லிக்கிட்டு இருந்த, எலியெசெர். எனக்குள்ள என்ன ஏத்தினன்னு எனக்கு மட்டும் சொல்லல. வீட்டுக்கு வரேன். என் துணியை எடுத்துக்க வரேன்."

கூடத்தில் இருந்த எல்லோருடைய பார்வையும் எலியெசெர்மேல் திரும்பியது. அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கிப் போனான்.

அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "நாளைக் காலை பத்து மணிக்குள்ள இந்த இடத்துல ஒரு கையெழுத்து வேணும் பொண்ணே. இல்லேன்னா போஸ்டர்லேருந்து உன் பேரை எடுத்துடுவேன். எனக்கு வேற வழி இல்ல."

பஸ் நிறுத்தத்தில் நயிபிஸ் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். பாதி பாட்டில் முடிந்ததும் நிறுத்தினாள்.

"அக்கா. அந்த மருந்து என்னை விட்டுப் போக எவ்வளவு நாளாகும்?"

லுபிஸ் தயங்கினாள். "அடுத்த ஊசி போடலைன்னா வேகம் குறைய ஆரம்பிச்சுடும். ஆனா பழையபடி ஆகி ஒரு புள்ள தங்கறதுக்கு, சில பேருக்கு ஒன்பது பத்து மாசம் ஆகுது. ஒரு வருஷம் ஆனவங்களையும் பாத்திருக்கேன். திரும்பி வந்துடும், அது நிச்சயம். பொறுக்கணும்."

"அவனை விட்டு வர ஒரு நாள் போதும்" என்றாள் நயிபிஸ். "அவன் போட்டது வெளியே போக ஒரு வருஷம்."

பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள்.

தெருவில் திரும்பும்போதே தெரிந்தது. வாசலில் எலியெசெரின் பைக் நின்றது. கதவு மூடியிருந்தது. மூடிய கதவின் முன்னால், நடைபாதையில், இரண்டு சாக்கு மூட்டைகள். ஒரு மூட்டையின் மேல் எனில்டா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டியா" என்றாள் எனில்டா. "உன் துணியெல்லாம் தெருவுல எறிஞ்சான். நான் பொறுக்கி மூட்டை கட்டினேன். பிரிச்சு எண்ணிப் பாத்துக்க. அப்புறம் மாமியாக்காரி ஜாக்கெட்டைத் திருடிட்டான்னு ஊரெல்லாம் சொல்லாத."

"சொல்ல மாட்டேன் அத்தை."

"உன்னை எனக்குப் பிடிக்காது. இன்னிக்கும் பிடிக்கல."

"தெரியும்."

எனில்டா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு மூட்டையைக் காலால் லுபிஸ் பக்கம் தள்ளினாள். "எல்லாம் இருக்கு. நீ சண்டைக்குப் போடற ஷூ மட்டும் இல்ல. அதைக் கேட்டேன், குடுக்க மாட்டேன்னுட்டான். கதவைச் சாத்திக்கிட்டு ஷூவை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். பக்கத்துல அந்த ஒப்பந்தக் காகிதம் வேற."

"ஷூ போனா போகட்டும், வாடி" என்று லுபிஸ் கையைப் பிடித்து இழுத்தாள். "என் வீட்டுக்குப் போகலாம். கையெழுத்தைப் பத்திக் காலையில யோசிக்கலாம்."

நயிபிஸ் மூடிய கதவைப் பார்த்தாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவன் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறான்.

அவள் அக்காவின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள். விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டினாள். பிறகு, தன் ஷூவையும் அந்தக் கையெழுத்தையும் வாங்க முன்னால் போய்க் கதவைத் தட்டினாள்.